வாடகை வீடும் எழுத்தும்

பதுளையில் வாடகைக்கு வீடு தேடுவோரைப் பெரும்பாலும் மூன்று வகையினராகக் காணலாம். இடமாற்றம் பெற்று வரும் அரச ஊழியர்கள், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்க வரும் மாணவர்கள், பிள்ளைகளின் கல்விக்காகத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் குடும்பங்கள். மலைகளுக்கு நடுவே நெருங்கிக் கிடக்கும் நகரில் தட்டையான நிலம் குறைவு; வீடும் குறைவு. ஆகவே எல்லோரும் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" என்பதைத்தான். ஆசிரியர் என்ற வகையில் இம்மூவரோடும் பழகியதில், அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பது எனக்குத் தெளிவாகியிருக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். நகரில் வாடகை 25,000 ரூபா, ஹாலிஎலப் பக்கம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7,000. வீட்டில் இருவர் தினமும் பதுளைக்கு வந்துபோக 300 ரூபா செலவானால், 22 நாட்களுக்கு 6,600. மிச்சம் வெறும் 400 ரூபா. தண்ணீர் பில், லைட் பில், அட்வான்ஸ் எல்லாவற்றையும் இப்படிக் கூட்டிப் பார்த்த பிறகே மலிவு எது என்று சொல்ல முடியும்.

சாய்வில் வெட்டிக் கட்டிய வீடு மலிவாகக் கிடைக்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கக்கூடாது. சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று ஆகியவற்றைக் கவனியுங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விசாரிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது எழுத்து. "எங்கட ஆள்தானே, எழுத்து எதுக்கு?" என்பது நம்மிடையே வழமையான பேச்சு. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் குடியேறியவரை வருட நடுவில் "வீடு வேணும்" என்று எழுப்பினால், பிள்ளையின் படிப்பும் சேர்ந்தே குலையும்.

அந்த உறுதிக்கு இன்னொரு பயனும் உண்டு. முதலாம் தர அனுமதியில் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பிக்க, வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பும் வீட்டு ஆவணங்களும் அங்கே பார்க்கப்படுகின்றன. பதிவு செய்த குத்தகை உறுதிக்குப் பெறுமதி உண்டு, வாய்ப்பேச்சுக்கு இல்லை. லயத்து அறை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பது. அங்கே தலைமுறையாக வாழ்ந்தும் பலரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு, நகரத்து வாடகை உறுதி தன் பெயரில் கிடைக்கும் முதலாவது வீட்டு ஆவணமாகவும் இருக்கக்கூடும்.

அவர்களுக்கோ வீடு கிடைப்பதே கஷ்டம். "தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்க மாட்டோம்" என்று நம்மவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வேறோரிடத்தில் "முஸ்லிம்களுக்கு இல்லை" என்று கேட்டு மனம் நொந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் வலி தெரியாததா? காரணம் கேட்டால், "தெரியாத ஆள், நம்ப ஏலாது" என்பார்கள். தெரியாதவரோடும் நியாயமாக நடந்துகொள்வதற்கான வழியே எழுத்து. அது வீட்டுக்காரருக்கும் காவல். குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்பதற்கென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது.

குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதென்றும் எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. வாடகையிலும், தொகையும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றே மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூறுவர்.

ஆகவே உறுதியில் இவை இருக்கட்டும்: மாத வாடகை, அட்வான்ஸ் தொகை, அதைத் திருப்பித் தரும் நாள், குத்தகைக் காலம், வெளியேறுமுன் கொடுக்கும் அவகாசம், பில் கட்டுபவர், திருத்த வேலை செய்பவர். நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் முன்கூட்டியே கேட்டு, யார் கட்டுவது என்று பேசிக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட பின் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். மாதாமாதம் ரசீது வாங்குங்கள். வாடகைக்குக் கொடுப்பவராக நீங்கள் இருந்தால், கேட்கும் முன்பே ரசீதைக் கொடுங்கள்.