ஓரத்தில் இருக்கிறது கணக்கு

இணையக் கடைகளில் பொருளைச் சுற்றி வெள்ளைவெளேரென்று இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. பல இடங்களில் அது விதி. அமேசானில் ஒரு பொருளின் முதன்மைப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் 255. கட்டில் மேல் சேலையை விரித்து, பக்கத்தில் சார்ஜர் வயரும் மடிக்காத துணியும் தெரியப் படமெடுத்தவர் என்ன செய்வார்? ஏதாவதொரு செயலியில் போட்டால் சில நொடிகளில் பின்னணி காணாமல் போகிறது. படத்தைப் பெரிதாக்கினால்தான் குட்டு வெளிப்படும். முந்தானைக் குஞ்சத்தில் பாதி நூலைக் காணோம். மிச்ச நூல்களின் ஓரத்தில் மெத்தை விரிப்பின் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை வெட்டி எடுக்கும் வேலை என்று நினைத்தால் கோளாறு எங்கே என்று விளங்காது. சேலையின் நடுவே உள்ள பிக்சல்கள் எல்லாம் சேலையுடையவை. ஓரத்தில் அப்படியில்லை. குஞ்சத்தின் நூல் பல நேரம் ஒரு பிக்சலைவிட மெல்லியது. நூலின் சிவப்பும் விரிப்பின் நீலமும் அந்த ஒரு பிக்சலுக்குள் விழ, கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிவு செய்துவிடுகிறது. என்ன விகிதத்தில் கலந்தது என்று கேட்டால், பால்காரர் ஊற்றிய பாலைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லச் சொல்வது போலத்தான்.

அந்த விகிதத்துக்கு ஆல்ஃபா என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் இருந்த ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் (பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள்) மூன்று நிற எண்களோடு நாலாவதாக இதையும் படத்திலேயே சேர்த்து வைத்தார்கள். 1 என்றால் முழுக்கப் பொருள், 0 என்றால் முழுக்கப் பின்னணி, 0.3 என்றால் மூன்று பங்கு நூல், ஏழு பங்கு மெத்தை விரிப்பு.

ஆல்ஃபா தெரிந்தால் பொருளை எந்தப் பின்னணியோடும் சேர்த்துவிடலாம். தெரியாமல் பிரிப்பதுதான் பாடு. ஒரு பிக்சலில் நம் கையில் இருப்பவை மூன்று எண்கள். கண்டுபிடிக்க வேண்டியவையோ ஏழு: பொருளின் நிறத்துக்கு மூன்று, பின்னணிக்கு மூன்று, ஆல்ஃபா ஒன்று. மூன்று சமன்பாட்டை வைத்து ஏழு தெரியாதவற்றைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. சினிமாக்காரர்கள் பச்சைத் துணி கட்டுவதால் பின்னணியின் மூன்று எண்களும் கைக்கு வந்துவிடுகின்றன. அப்படியும் நாலு மிச்சம். ஒன்று உதைக்கிறது.

அந்த ஒன்றுக்கு வழி சொன்னது 1996இல் ஸ்மித்தும் ஜிம் பிளின்னும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. பொருளை அசைக்காமல், இரண்டு வேறு நிறப் பின்னணிகளில் இரண்டு படம் எடுங்கள். தெரியாதவை நாலு, சமன்பாடுகள் ஆறு. நடிகரை இம்மி பிசகாமல் நிற்கவைக்க முடியாது. தேன் பாட்டில் நிற்கும்! போனை ஸ்டாண்டில் வைத்து, வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, பின்னால் ஒருமுறை வெள்ளைத் துணி, ஒருமுறை கறுப்புத் துணி. இரண்டு படத்திலும் ஒரு பிக்சல் துளியும் மாறவில்லையென்றால் அது பொருள். வெள்ளை அப்படியே கறுப்பாகியிருந்தால் அது துணி. இடைப்பட்ட அளவு மாறியிருந்தால் அந்த வித்தியாசத்திலிருந்தே ஆல்ஃபா வந்துவிடும். கண்ணாடி வழியே எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறது என்பதுகூடக் கிடைக்கும். பளபளக்கும் பித்தளைச் செம்பில் மட்டும் இது ஏமாறும். துணி செம்பின் மேலேயே பிரதிபலிப்பதால் அந்த இடத்தையும் ஓட்டை என்று எண்ணிக்கொள்ளும்.

செயலிகளுக்கு இந்த வசதி இல்லை. கையில் ஒரே படம். எனவே கற்றதை வைத்து ஊகிக்கின்றன. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் நுண்ணோக்கிப் படங்களில் செல்களைப் பிரித்தறிய உருவான யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பின் வழித்தோன்றல்கள் இந்த வேலைக்கு நிறையவே பயன்படுகின்றன. படத்தில் உருவங்களைப் பிரித்தறிய 2023இல் மெட்டா வெளியிட்ட வலையமைப்பு, 1.1 கோடி படங்களையும் அவற்றில் குறிக்கப்பட்ட 110 கோடிக்கும் மேற்பட்ட உருவப் பகுதிகளையும் கொண்டு பழக்கப்பட்டது. செருப்பு, டப்பா, புத்தகம் போன்று ஓரம் திட்டமாக உள்ளவற்றில் இந்த ஊகம் அருமையாகப் பலிக்கிறது. குஞ்சம், வலைத்துணி, கண்ணாடி, வெள்ளைச் சுவர் முன் வெள்ளைக் கோப்பை என்று வந்தால் தடுமாறுகிறது. பொருளின் நிழலையும் சேர்த்து அழித்துவிடுவதால் செம்பு அந்தரத்தில் தொங்கும்.

ஆகவே எடுக்கும்போதே செயலிக்குக் கொஞ்சம் உதவுங்கள். பொருளின் நிறத்தில் இல்லாத வெற்றுத் துணியைப் பின்னால் கட்டி, பொருளை அதிலிருந்து மூன்று நாலு அடி முன்னால் தள்ளி வையுங்கள். துணியின் நிறம் பொருளின் ஓரத்தில் அவ்வளவாக ஏறாது. பின்னணி நீக்கியதை பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்புவதானால், போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காகிவிடும் என்பதால், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.