பதிவறையில் தீரும் உரிமை: அரக்கோணம் – திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து அரசு ஆவண மேலாண்மையும் அழிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அரசு அலுவலகக் கோப்பு ஒன்றின் வாழ்நாள், அது முடிக்கப்படும் நாளில் அதன்மேல் எழுதப்படும் முடிவு வகையாலேயே உறுதியாகிறது. பின்னர் நிகழும் அழிப்பு அம்முடிவின் நிறைவேற்றம் மட்டுமே. மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் பலமுறை மாறிய அரக்கோணம் – திருத்தணி வட்டாரத்தில் இம்முடிவு நில உரிமையை நேரடியாகப் பாதிக்கவல்லது. வருவாய் அலுவலகங்களின் கோப்பு முடிப்பு முறை, காலவரையறைச் சட்டம், சாட்சியச் சட்டம், பொது ஆவணச் சட்டம் ஆகியவற்றை ஒப்பிட்டு, அழிப்பு நடைமுறையில் செய்யத்தக்க திருத்தங்களை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆவண மேலாண்மை, பதிவறை, முடிவு வகை, அழிப்புப் பட்டியல், எல்லை மாற்றம், நில ஆவணம்.

முன்னுரை

ஆவணங்கள் அனைத்தையும் என்றென்றும் காப்பது எந்த அரசுக்கும் இயலாது. இடம், செலவு, கரையான், ஈரம் ஆகியவை ஒருபுறம் இருக்க, தேவையற்ற தாள்கள் பெருகுமிடத்தில் தேவையான தாளைத் தேடியெடுப்பதும் அரிதாகும். எனவே ஆவண அழிப்பு என்பது ஆவணக் காப்பின் ஒரு பகுதியே. எதை அழிப்பது, யார் முடிவு செய்வது, அழித்ததற்கு என்ன சான்று வைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் உரிய விடை இல்லாதபோதுதான் அது இழப்பாக மாறுகிறது. இவ்வினாக்களை ஆராய, ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தும் வெவ்வேறு ஆட்சி வரலாறு கொண்ட அரக்கோணமும் திருத்தணியும் பொருத்தமான களங்கள்.

எல்லைகளும் ஆவணங்களின் பயணமும்

இவ்விரு ஊர்களும் முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது; அரக்கோணம் வட ஆர்க்காட்டிலேயே நீடித்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்துக்குச் சென்றது. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கரின் பரிந்துரையையும் தொடர்ந்து, 1959ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசம் – சென்னை எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997இல் அது திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. அரக்கோணமோ 1989இல் வட ஆர்க்காடு பிரிக்கப்பட்டபோது வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்திலும், 2019இல் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் அடங்கியது.

ஒவ்வோர் எல்லை மாற்றமும் ஓர் ஆவணக் கைமாற்றமாகும். திருத்தணிப் பகுதி கார்வேட்டிநகரம் சமீன்தாரியைச் சார்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் சென்னைச் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அத்தகைய ஊர்களில் இரயத்துவாரி நிலவரித் திட்டம் நடைபெற்ற காலத்திலேயே, அப்பகுதி மாநிலம் மாறியது. ஒரே ஊரின் உரிமை வரலாற்றை அறியச் சமீன் கால ஆவணம், நிலவரித் திட்டப் பதிவேடு, ஆந்திர ஆட்சிக் காலக் கணக்கு, 1960க்குப் பிந்தைய கணக்கு ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டிய நிலை இதனால் எழுகிறது.

பசலிக் கணக்கு இதற்கு ஒரு சான்று. பசலி ஆண்டு சூலை 1 அன்று தொடங்கி சூன் 30 அன்று முடிவது. மாற்றம் நடந்த 1960 ஏப்ரல் 1, பசலி 1369இன் முதல் ஒன்பது மாதங்கள் கழிந்த நாள். அவ்வாண்டின் சாகுபடியும் வரியும் ஒன்பது மாதம் ஓர் அரசின்கீழும் மூன்று மாதம் மற்றோர் அரசின்கீழும் அமைந்தன. அப்பசலியின் அடங்கலைத் தனித்துப் பார்க்கும் எழுத்தருக்கு அது காலாவதியான கணக்காகத் தோன்றலாம். உரிமையை நிறுவ முயல்பவருக்கு அது இரு ஆட்சிகளை இணைக்கும் கண்ணியாகும். மேலும், 1980இல் தமிழகத்தில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, கர்ணங்களின் பொறுப்பிலிருந்த ஊர்க் கணக்குகள் மீண்டும் கைமாறின.

கோப்பின் வாழ்நாள்

தமிழக வருவாய் அலுவலகங்களின் கோப்பு நடைமுறை, சென்னை மாகாணக் காலத்தில் உருவான மாவட்ட அலுவலக நடைமுறை நூலை அடியொற்றியது. வரும் தபால் பதிவு செய்யப்பட்டு உரிய பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறுகிறது. குறிப்புக் கோப்பும் நடப்புக் கோப்பும் வளர்ந்து ஆணை பிறந்த பின், கோப்பு முடிக்கப்பட்டுப் பதிவறைக்கு அனுப்பப்படுகிறது. அப்போது அதற்கு ஒரு முடிவு வகை இடப்படுகிறது. நி.மு. என்பது நிலையாக வைக்கத்தக்கது, ப.மு. பத்தாண்டும், மூ.மு. மூன்றாண்டும், ஓ.மு. ஓராண்டும் வைத்திருந்து அழிக்கத்தக்கவை. பழைய கோப்புகளில் இவையே முறையே ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். எனக் காணப்படும்.

இம்முறையின் எளிமை பாராட்டத்தக்கது. பதிவறை எழுத்தர் கோப்பைத் திறந்து படிக்க வேண்டியதில்லை; ஆண்டையும் முடிவு வகையையும் கண்டு கட்டுகளைப் பிரித்து அடுக்கலாம், காலம் முடிந்தவற்றை வெளியே எடுக்கலாம். ஆனால் அந்த எளிமையே அதன் வலுவின்மையும் ஆகும். மூன்று அல்லது பத்தாண்டுகளுக்குப் பின் நிகழவேண்டிய மதிப்பீடு, கோப்பை முடித்து நிலுவையைக் குறைக்கும் அவசரத்தில் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. வகையிடும் பிரிவு எழுத்தருக்கு அக்கோப்பின் எதிர்காலப் பயன் தெரியாது. அழிக்கும் பதிவறை எழுத்தருக்கு அதன் உள்ளடக்கம் தெரியாது.

காலவரம்பும் உரிமை வரம்பும்

முடிவு வகைகளின் காலவரம்புகளைப் பிற சட்டங்களின் காலவரம்புகளோடு ஒப்பிட்டால் இடைவெளி புலப்படும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உரிமையின் அடிப்படையில் நிலத்தின் அனுபோகத்தைக் கோரும் வழக்குக்குரிய காலம் பன்னிரண்டு ஆண்டுகள். அரசு தொடுக்கும் வழக்குக்குப் பொதுவாக முப்பது ஆண்டுகள். பத்தாண்டில் அழியும் ஒரு கோப்பு, அது தொடர்பான வழக்குரிமை உயிரோடிருக்கும்போதே இல்லாமற்போக இடமுண்டு. புறம்போக்கு நிலத்தைக் காக்க வேண்டிய அரசுக்கே இது கேடாக முடியலாம்.

நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் மற்றோர் எடுத்துக்காட்டு. 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நடைபெற்ற இத்திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது பெயரும் பரப்பும் பிழையாகப் பதிவான நேர்வுகளில் திருத்தம் கோருவோர், திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் சான்றாகக் காட்ட வேண்டியுள்ளது. ஒரு குடும்பம் திருத்தம் கோரி 2003இல் அளித்த மனு, சான்று போதாது என நிராகரிக்கப்பட்டு மூ.மு. என முடிக்கப்பட்டதாகக் கொள்வோம். பிள்ளைகள் 2015இல் பழைய ஆவணத்தின் நகலோடு மீண்டும் மனுச் செய்யும்போது, முதல் மனுவின் விசாரணை அறிக்கையும் புலத்தணிக்கைக் குறிப்பும் பதிவறையில் இரா. விதிப்படியே யாவும் நடந்திருந்தும், அவர்கள் முதற்படியிலிருந்து தொடங்க நேரும்.

சாட்சியச் சட்டம் இச்சிக்கலை மேலும் தெளிவாக்குகிறது. முப்பதாண்டு பழமையான ஆவணம் முறையான காப்பிலிருந்து கொணரப்பட்டால் அதன் மெய்ம்மையை நீதிமன்றம் ஊகிக்கலாம் என்னும் விதி 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமும் அதனை ஏற்கிறது. சித்தூரிலிருந்து செங்கல்பட்டுக்கும் அங்கிருந்து திருவள்ளூருக்கும் சென்ற பதிவேடு முறையான காப்பில் இருந்தது என்பதை எதைக்கொண்டு காட்டுவது? ஒப்படைப்புப் பட்டியலே இதற்கு நேரிய சான்று. ஆனால் அப்பட்டியலை வெறும் அனுப்புகைக் கடிதமாகக் கருதிக் குறுகிய கால வகையில் சேர்த்துவிட்டால், பதிவேடு எஞ்சியிருந்தும் அதன் வழித்தடம் மறைந்துவிடும்.

ஒரே ஊரில் இரு நடைமுறைகள்

1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட இருப்புப்பாதை அரக்கோணம் வழியே சென்றது. 1992இல் அங்கே இராஜாளி கடற்படை வானூர்தித் தளம் அமைந்தது. இரயில்வேயும் கடற்படையும் மத்திய அரசைச் சார்ந்தவையாதலால், அவற்றின் ஆவணங்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் பொருந்தும். அச்சட்டம் மாநில அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே ஒரே ஊரில் நிலையத்துக்கு ஒரு நெறியும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வேறொரு நெறியும் நிலவுகின்றன.

மத்தியச் சட்டத்தின்படி ஒவ்வோர் அலுவலகத்திலும் ஆவண அலுவலர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். 1892ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ உருவான ஆவணத்தை, பயன்படுத்த இயலாதவாறு சிதைந்தது என உரிய காப்பகத் தலைவர் கருதினாலன்றி, அழிக்கலாகாது. விதிமீறி அழிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். 1997ஆம் ஆண்டு விதிகள் இருபத்தைந்து ஆண்டு கடந்த ஆவணத்தை மதிப்பீடு இன்றி அழிப்பதைத் தடுக்கின்றன. அழிக்கப்படுபவற்றின் பட்டியலை நிலையாக வைக்கவும் பணிக்கின்றன. மகாராட்டிரம் 2005இலும் கருநாடகம் 2010இலும் தமக்கெனப் பொது ஆவணச் சட்டங்களை இயற்றியுள்ளன.

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இரு அரசுகளுக்கும் பொதுவானது. ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிடுதல் அதன் 4ஆம் பிரிவு விதிக்கும் கடமை. கோரிக்கைக்குள்ளான தகவலை அழித்தால் 20ஆம் பிரிவின்கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். கோப்பு கிடைக்கவில்லை என்பது தகவலை மறுப்பதற்குரிய விலக்கு ஆகாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2013இல் விசுவாசு பாம்பூர்க்கர் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆயினும் விதிப்படி அழிந்த கோப்பை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.

அழிப்பின் சான்று

முறையான அழிப்புக்கு அழிப்புப் பட்டியல் இன்றியமையாதது. கோப்பு எண், பொருள், ஊர், புல எண், முடிவு வகை, அழித்த நாள், ஒப்புதல் அளித்த அலுவலர் ஆகியவற்றை அது கொண்டிருக்க வேண்டும். இதனால் குடிமகனுக்கும் நேரடிப் பயன் உண்டு. மூல ஆவணம் அழிந்தது என நிறுவப்பட்டால் அதன் நகலை இரண்டாம்நிலைச் சான்றாகக் காட்டச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. அழிந்ததா, காணாமற்போனதா, வேறு மாவட்டத்தில் உள்ளதா என்றே சொல்லவியலாத நிலையில், கையிலுள்ள நகலின் வலுவும் குறைகிறது.

மின்மயமாக்கமும் இவ்விடத்தில் முழுத் தீர்வாகாது. இணையவழியில் கிடைக்கும் பட்டா, இன்றைய உரிமையாளரைக் காட்டுகிறது. அவர் எவ்வாறு உரிமையாளரானார் என்பதைப் பழைய பதிவேடுகளும் விசாரணைக் கோப்புகளுமே காட்டும். கணினியில் ஏற்றிய பின் தாளை அழிக்கலாம் என்னும் கருத்து, ஏற்றும்போது நேர்ந்த பிழையைச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்தே அழிக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று திருத்தங்கள் தேவை என்பது பெறப்படுகிறது. முதலாவது, எல்லை மாற்றத்தையொட்டி அலுவலகங்களுக்கிடையே நடந்த ஆவண ஒப்படைப்புப் பட்டியல்கள் யாவும் நி.மு. வகையில் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, நிலம் தொடர்பான ப.மு., மூ.மு. கோப்புகளை அழிக்குமுன், உள்ளடக்கம் அறிந்த ஓர் அலுவலர் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் பன்னிரண்டு, முப்பது ஆண்டு வரம்புகளை அவர் கருத்திற்கொள்ள வேண்டும். மூன்றாவது, அழிப்புப் பட்டியல் நிலையான ஆவணமாகி, அதன் படி ஒன்று எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் செல்ல வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கோப்பை முடிக்கும் எழுத்தருக்கு உரிய பயிற்சியும், அழிப்புக்கு முன் ஒரு மறுபார்வையும் போதும். எல்லைகள் வரைபடத்தில் ஒரே நாளில் மாறுகின்றன. அவற்றுக்குட்பட்ட ஊர்களின் உரிமைகள் தலைமுறைகள் கடந்தும் பதிவறைக் கட்டுகளையே நம்பியிருக்கின்றன.