தொடர்பாய்வு உயிர்த்திரள் பிரிப்பு

தொடர்பாய்வு உயிர்த்திரள் பிரிப்பு என்பது மரத்தூள், வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற தாவரப் பொருட்களின் ஊடாகச் சூடான நீர்மத்தை இடைவிடாது செலுத்தி, அவற்றின் கூறுகளைப் பிரித்தெடுக்கும் முறையாகும். செல்லுலோசு, எமிசெல்லுலோசு, லிக்னின் ஆகியன தாவரச் செல்சுவரின் முதன்மைக் கூறுகளாகும்.

செயற்பாடு

உருளை வடிவக் கலனில் உயிர்த்திரள் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ 180 முதல் 230 °செ வரை வெப்பநிலையுள்ள நீர் அதனூடாகப் பாய்ச்சப்படுகிறது. நீர் ஆவியாகாதிருக்க உயர் அழுத்தம் பேணப்படுகிறது. எமிசெல்லுலோசிலிருந்து விடுபடும் அசெட்டிக் அமிலம் அதன் பிணைப்புகளைச் சிதைக்க உதவுவதால், அமிலம் தனியே சேர்க்கப்படவேண்டியதில்லை. செல்லுலோசின் பெரும்பகுதி கலனிலேயே எஞ்சுகிறது.

தொகுதி முறையுடன் ஒப்பீடு

மூடிய கலனில் வேகவைக்கும் தொகுதி முறையில், கரைந்த பொருட்கள் வெப்பத்திலேயே தங்கிவிடுகின்றன. இதனால் சைலோசு என்னும் சர்க்கரையின் ஒரு பகுதி பர்பியூராலாகச் சிதைகிறது. கரைந்த லிக்னின் மீண்டும் இணைந்து நார்களின் மேல் படிகிறது. தொடர்பாய்வில் இவை கரைந்தவுடன் வெளியேறிக் குளிர்விக்கப்படுவதால் இவ்விழப்புக் குறைகிறது.

வரலாறு

ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோக், ஆன்டல் ஆகியோர் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், பல மர, புல் வகைகளின் எமிசெல்லுலோசு முழுவதும் 200–230 °செ நீரில் 15 நிமிடங்களுக்குள் கரைந்தது.

குறைபாடுகள்

அதிக நீர் தேவைப்படுவதால் கிடைக்கும் கரைசல் நீர்த்ததாக உள்ளது. நீரைச் சூடாக்கவும் கரைசலைச் செறிவாக்கவும் மிகுந்த ஆற்றல் செலவாகிறது. தொழிற்சாலை அளவில் இம்முறையைப் பயன்படுத்துவதற்கு இதுவே பெருந்தடையாகும். வெளியேறும் நீரின் வெப்பத்தை மீட்டல், நீரை விட்டுவிட்டுச் செலுத்துதல் ஆகியன இச்செலவைக் குறைக்கும் வழிகளாகும்.