தீவகத்துக் கிணற்று நீரும் கமக்காரரின் பங்குக் கணக்கும்

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளில் ஆறு எதுவும் இல்லை. வடகீழ்ப் பருவத்தில் பெய்யும் மாரி மழையே சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் 41 பங்கும் கடல்நீரின் 40 பங்கும் ஏறத்தாழ ஒரே நிறையுடையவை. ஆகையால் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்திற்குக் கீழ் சுமார் 40 அடி நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. அந்த ஓரடியை இறைத்துக் குறைத்தால் உவர்நீர் மேலெழும் அளவும் அத்தகையதே. பொந்துகள் மலிந்த சுண்ணக்கல்லில் இக்கணக்கு அப்படியே அமையாது. உவர் இன்னும் விரைவிற் கலக்கும்.

இந்நீருக்கு வேலி இல்லை. யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றுப் பங்கு எழுதப்படுவது பழைய வழக்கம். பங்காளர் முறைவைத்து இறைப்பர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மிதிப்பவர் களைத்தால் கிணறும் ஊறிக்கொண்டது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அதே முறை நேரத்தில் பன்மடங்கு நீர் வெளியேறுகின்றது. அன்றியும், உறுதி ஒரு கிணற்றின் பங்காளரையே கட்டுப்படுத்தும், அயற்கிணற்றை அன்று. தாம் விட்டுவைக்கும் நீரை அயலவர் இறைத்துவிடுவார் என அஞ்சுபவர் முந்திக்கொண்டு இறைப்பது இயல்பே. அவரைப் பேராசைக்காரர் என்றல் நியாயமன்று.

அடுத்த மாரி எத்தகையது என்பதை எவரும் முன்னறியார். 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர், வெங்காயம் நடக்கூடிய ஒருவர் 12 பரப்போடு நிறுத்தினார் என்க. அடுத்த மாரி நன்றாயின் 4 பரப்பு விளைவு ஒரு போகத்திற்கு நட்டம். மிச்சம்பிடித்த நீரிலும் ஒரு பகுதி கடலுக்குக் கசிந்துபோகும். இதனை மறைத்தல் ஆகாது. ஆனால் 16 பரப்பும் நட்டு, நீரை முற்றும் இறைத்தபின் மாரி பொய்த்தாலோ கிணறு உவரேறும். அவ்வுவரைக் கழுவ ஒரு மாரி போதாது. அக்காலமெல்லாம் அவருடைய நிலமும், குடிப்பதற்கு அதே நீரை நம்பிய அயல்வீடுகளும் இழப்பைச் சுமக்கும்.

ஆதலால் ஆண்டுதோறும் ஒரே அளவு பரப்பு நடுதல் தகாது. தை மாதத்தில் நீர்மட்டத்தை அளந்து, கிணற்றுக் கட்டின் உட்புறத்தில் குறித்த பின்னரே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். ஒருவர் தனித்துச் செய்வதாற் பயன் குறைவு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அமைந்த கமக்காரர் அமைப்பினர் கூடி, அயற்கிணறுகள் யாவற்றையும் ஒரே நாளில் அளந்து, ஒவ்வொருவரும் நடும் பரப்பையும் இயந்திரம் ஓடும் நேரத்தையும் உடன்பட்டுக்கொள்ளலாம். நீர் குறைந்ததென்று கிணற்றை ஆழமாக்குதல் கூடாது. அது உவரைத் தேடிச் செல்வதாகும். சிறிது நேரம் இறைத்து, ஊறவிட்டு, மீண்டும் இறைக்கவும். மாரிக்கு முன் கேணி குளங்களைத் தூர்வாரி, தோட்ட வரம்புகளை உயர்த்திவிட்டால் மழைநீரில் ஒரு பகுதியேனும் கடலுக்கு ஓடாது நிலத்திலிறங்கும்.