திறந்தவெளித் தொண்டும் அறங்காவலர் கடமையும்

மலை ஏறுதலும், ஆற்றில் ஓடம் செலுத்துதலும், கடற்கரை வழியே நெடுந்தொலைவு நடத்தலும் இளைஞர்க்கு இன்பம் பயப்பன என்பதை யாவரும் அறிவர். அவற்றால் உடல் உரம் பெறும். உள்ளத்தின் அச்சம் அகலும். ஏட்டிலே கற்ற குறிஞ்சியும் நெய்தலும் கண்முன் வந்து நிற்கும். இவ்வின்பத்தை வறிய சிறாரும் பெறுதல் வேண்டுமென்று நிறுவப்பெற்ற அறநிலையங்கள் பல நாடுகளிலும் உள. அவற்றில் முன்னின்று வழிநடத்துவோரை எல்லோரும் காண்பர். பின்னிருந்து பொறுப்பேற்போரைக் காண்பார் சிலரே. அங்ஙனம் பொறுப்பேற்கும் அறங்காவலர் யாவர், அவர்தம் கடன் யாது, மாணவராகிய நாமும் அதனை ஏற்கலாமோ என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அறங்காவலர் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. கோயிலின் தர்மகர்த்தா கோயிற் சொத்துக்கு உடையவர் அல்லர். அதனைக் காப்பவரே ஆவர். விவிலியத் தமிழில் வழங்கும் உக்கிராணக்காரன் என்னும் சொல்லும் இப்பொருளை உணர்த்துவதே. பண்டசாலையின் திறவுகோல் அவன் கையில் இருக்கும், பண்டமோ பிறருடையது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் கட்டளைகளுக்கே உரியதாயினும், அது கூறும் நெறிகள் பொது அறங்களுக்கும் அளவுகோலாய் நிற்கின்றன. அறங்காவலர் கட்டளையின் நோக்கத்தை நிறைவேற்றல் வேண்டும். தம் சொந்தப் பொருளை அறிவுடையான் ஒருவன் பேணுமாறு அதனைப் பேணல் வேண்டும். கணக்குக் காட்டல் வேண்டும். தமக்கென ஆதாயம் தேடலாகாது. தம் கடமையைப் பிறர் தலையிற் சுமத்தலும் ஆகாது. அந்நெறிகளின் சாரம் இதுவே.

இம்முறை மலைக்கும் கடற்கரைக்கும் பயன்பட்டமைக்குச் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தில் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் மூவர் 1895-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் நிலையத்தை நிறுவினர். எழில்மிக்க நிலங்கள் பொதுமக்களுக்கென்று என்றும் நிலைத்திருக்க வேண்டுமென்பதே அவர்தம் நோக்கம். நம் நாட்டில், சென்னைக்குத் தெற்கே உள்ள முதலைப் பண்ணை 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோரால் ஓர் அறக்கட்டளையாகவே தொடங்கப்பெற்றது. சென்னை மாணவர்கள் கடலாமைகளைக் காக்க 1988-இல் ஒரு தொண்டர் குழுவை அமைத்தனர். ஆமைகள் கரையேறும் பருவத்தில் அவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். ஓர் ஆமை ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். அவை பொரிய ஏழு வாரமளவும் செல்லும். அத்தனை நாளும் காவல் குன்றாதிருத்தல் ஒருநாள் ஆர்வத்தால் மட்டும் இயலுவதன்று. ஒழுங்கும் பொறுப்பும் அதற்கு வேண்டும்.

இனி, நம் பக்கத்து ஊர் ஒன்றையே வைத்து எண்ணிப் பார்ப்போம். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ளது தவளக்குப்பம். சங்கராபரணியின் கிளையாகிய சுண்ணாம்பாறு அதன் வடக்கே ஓடிக் கடலிற் கலக்கின்றது. கிழக்கே நல்லவாட்டுக் கரை கிடக்கின்றது. இவ்வூர் இளைஞர் சிலர் கூடி, பள்ளிச் சிறாரை ஆற்றிற்கும் கழிமுகத்திற்கும் அழைத்துச் சென்று, பறவையும் மீனும் அலையும் மணலும் காட்டி வர ஓர் அறநிலையம் அமைக்கின்றனர் என்று கொள்வோம். உற்சாகமுள்ள வழிகாட்டிகள் உடனே கிடைப்பர். ஆனால், நன்கொடையாக வந்த பணம் எங்கே வைக்கப்படும்? படகு யாருடையது? ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் ஆறு பெருகியிருக்கும்போது பயணத்தை நிறுத்துவோர் யார்? நீந்தத் தெரியாச் சிறாருக்கு மிதவைச் சட்டை போதிய அளவு உண்டா? இவ்வினாக்களை எழுப்பி, விடை வருமளவும் அமையாதிருப்பவரே அறங்காவலர்.

இவ்வினாக்கள் வீண் என்று கருதற்க. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில், மலையேறச் சென்ற இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் பருவம் அது. அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993-இல் சிறு ஓடங்களிற் சென்ற பள்ளி மாணவர் நால்வர் இறந்தனர். அப்பயணத்தை நடத்திய பயிற்சிச்சாலை வணிக நிலையமேயன்றி அறநிலையம் அன்று. ஆயினும் அது புகட்டும் பாடம் இருவகை நிலையத்திற்கும் பொதுவே. பாதுகாப்புப் போதாதென்று அங்கே முன்பு பணியாற்றிய பயிற்சியாளர் முன்னரே கடிதம் எழுதியிருந்தனர். அதனைப் பொருட்படுத்தாத தலைவர் 1994-இல் சிறைத்தண்டம் பெற்றார். 1995-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் பிறந்தது. மேலிருப்போர் எச்சரிக்கைக்குச் செவி சாய்க்காவிடின், கீழிருப்போரின் திறமை எவ்வளவினதாயினும் உயிர்களைக் காவாது என்பது இதனால் விளங்கும்.

'இவையெல்லாம் முதியோர்க்கு உரியன, மாணவர்க்கு என்ன?' என்று சிலர் வினவலாம். பதினெட்டு வயது நிரம்பியவர் அறங்காவலராதற்குச் சட்டத்தில் வயதுத்தடை இல்லை. முதியோர் வரவு செலவும் வழக்கும் அறிவர். ஆனால் சிறார் எங்கே அஞ்சுவர், எங்கே துணிந்து ஓடிவிடுவர் என்பதை அண்மையிற் சிறாராயிருந்தவர் நன்கறிவர். அவையில் இருவகையாரும் இருத்தலே நன்று. எனினும், அழைப்பு வந்தவுடன் இசைதல் கூடாது. அறக்கட்டளைப் பத்திரத்தை முழுதும் படித்தல் வேண்டும். முந்திய ஆண்டுகளின் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும். திங்கள்தோறும் எத்துணைப் பொழுது செலவாகும் என்று உசாவுதல் வேண்டும். கூட்டத்திற்கு வாராத அறங்காவலர், பெயர்ப்பலகையில் எழுத்தாய் இருப்பரேயன்றி அறத்திற்குக் காவலாய் இரார்.

அன்பர்களே! இத்தொண்டிற்குச் சம்பளம் இல்லை. மாலையும் மேடையும் இல்லை. பெருமழை நாளில் ஓடம் கரையிலேயே கட்டப்பட்டிருந்தால், அதனைத் தடுத்தவர் பெயரை ஒருவரும் நினையார். ஏமாந்த சிறார் சற்று முனகவும் செய்வர். ஆயினும் அன்று மாலை அவர்கள் அனைவரும் தத்தம் வீட்டில் உணவருந்துவர். அதற்கு மேலான ஊதியம் அறங்காவலர்க்கு வேறில்லை. மலையையும் கடலையும் நேசிக்கும் நம்மிற் சிலரேனும் இக்கடமையை மேற்கொள்ள முன்வருவோமாக.