பிரேயர் என்றால் பிரார்த்தனை இல்லை

சென்னை பெருங்குடியில், தரமணி பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகே, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 1997-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இதன் சீர்மிகு சட்டப்பள்ளிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்த ஒருவர் இங்கே முதலாண்டில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு எது கஷ்டம்?

ஆங்கிலம் பேச வராதது என்றுதான் உடனே சொல்வோம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ‘சூட்’ என்றால் கோட்டுக்கு ஜோடி இல்லை, உரிமையியல் வழக்கு. ‘பிரேயர்’ என்பது பள்ளிக்கூடத்துக் காலை இறைவணக்கம் இல்லை. மனுவின் கடைசியில் என்ன நிவாரணம் வேண்டும் என்று கேட்கும் பகுதி. ‘இன்ஸ்ட்ருமென்ட்’ வீணையோ கருவியோ இல்லை, கிரயப் பத்திரம் போன்ற ஆவணம். ‘கன்சிடரேஷன்’ இன்னும் மோசம்: 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு மறுபயன் என்று பொருள். நான் வீட்டைத் தருகிறேன், நீங்கள் பணம் தருகிறீர்கள். எனக்கு அந்தப் பணம்தான் மறுபயன். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல்லுக்கு யார் புரட்டுவார்கள்? கான்வென்ட் மாணவரும் இந்தக் குழியில் விழுவார். ஆனால் சீக்கிரம் எழுந்துவிடுவார்.

அடுத்தது வாக்கியம். ஒரு சட்டப்பிரிவு பத்து வரிக்கு ஒரே வாக்கியமாக ஓடும். ‘ஷல்’ என்றால் செய்தாக வேண்டும், ‘மே’ என்றால் செய்யலாம். பல வழக்குகள் அந்த ஒற்றைச் சொல்லில்தான் நிற்கின்றன.

2021-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கியது. அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. கதவு திறந்தாயிற்று. உள்ளே வந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ். 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி உண்டு. நேர்முகத் தேர்வுக்கு உதவும், கூச்சம் போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘மே ஐ கம் இன்’ சரளமாக வந்துவிட்டது என்பதால் மறுபயன் புரிந்துவிடாது.

கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு ஆண்டுகளில் வசப்படும். பாடத்துக்கான மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பது அவர் கணக்கு. இங்கே பட்டப்படிப்பே ஐந்து ஆண்டுதான்.

ஆகவே ஆங்கில வகுப்பில் மட்டும் வேலை முடியாது. ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவரும் மொழி ஆசிரியர்தான். முதல் பருவத்தில் வாரம் ஒரு பிரிவை எடுத்து, எழுவாய் எது, பயனிலை எது, நிபந்தனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று வகுப்பிலேயே பிரித்துக் காட்டலாம். தமிழில் விவாதித்துவிட்டு ஆங்கிலத்தில் விடை எழுதவிடலாம். அரசமைப்புச் சட்டத்துக்குத் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது. 2019-லிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் வெளியாகின்றன. தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்ல தனி நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

தமிழைத் துணைக்கு அழைப்பது மாணவருக்குக் காட்டும் சலுகை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், அரசமைப்பின் 348-வது பிரிவு அப்படி. தமிழை அங்கே கொண்டுபோகச் சட்டமன்றம் 2006-ல் நிறைவேற்றிய தீர்மானம் பலிக்கவில்லை. ஆனால் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். கட்சிக்காரர் தமிழில்தான் அழுவார், சாட்சி தமிழில்தான் பிறழ்வார். வாய்தா, ஜாமீன், வக்காலத்து என்ற பாரசீக, அரபுச் சொற்களையெல்லாம் ஊரில் நிலத்தகராறு பார்த்து வளர்ந்த பிள்ளை கல்லூரிக்கு வருமுன்பே கற்றுவைத்திருக்கும். அந்த அறிவுக்கு எந்த வகுப்பிலும் மதிப்பெண் இல்லை.

2024 ஜூலை 1 முதல் 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும், கான்வென்ட்டில் படித்தவருக்கும் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவருக்கும் நாக்கு ஒரே இடத்தில்தான் இடறுகிறது.