வயது ஏறினால் ஓட்டம் ஏன் தளர்கிறது?

ஓட்டப்பந்தய வீரர்களின் வேகம் பெரும்பாலும் 35 வயதை ஒட்டிக் குறையத் தொடங்குகிறது. முதற்காரணம் இதயம். நிமிடத்துக்கான அதன் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் குறைவதால், தசைகளுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனும் குறைகிறது. தசையிலோ, பாய்ந்தோட உதவும் வேக இழைகளே முதலில் மெலிகின்றன.

ஹார்மோன்களும் மாறுகின்றன. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் படிப்படியாகக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிந்து, எலும்பும் தசையும் வேகமாகத் தேய்கின்றன. முதிய வயதில் பெண்களின் சாதனைகள் கூடுதலாகப் பின்தங்கித் தெரிவதற்கு உடல் மட்டும் காரணமல்ல; அந்த வயதில் களமிறங்கும் பெண்களே குறைவு.

பயிற்சி இந்தச் சரிவைப் பெரிதும் மட்டுப்படுத்தும். கனடாவின் எட் விட்லாக் 2004-இல், 73 வயதில், டொராண்டோவில் நடந்த ஒரு மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் ஓடியதே அவர் பயிற்சி.